கோணல் வெட்டு

குளியலறையில் ஓடு பதித்தவனை அப்பா திட்டத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தலையில் ஈரம் சொட்ட, இடுப்பில் துண்டோடு வெளியே வந்து நின்றார்.

"கண்ணை மூடிக்கிட்டா ஒட்டினான்? நடுவுல அலை அலையா போவுது பாரு. இவனெல்லாம் ஒரு கொத்தனாரு!"

ஓடு பதித்து ஆறு வருஷமாகிறது. ஆறு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவர் குளிக்கிறார். அடுப்படியில் நின்ற அம்மா, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே, "இன்னிக்குத்தான் உங்களுக்கு விடிஞ்சுதாக்கும்" என்றாள். மகள் உள்ளே போய்ப் பார்த்தாள். ஓடுகள் நூல் பிடித்தாற்போல் நேராகத்தான் இருந்தன.

அப்பா ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல் மடிப்பில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே கத்தி மெஷினை ஓட்ட வேண்டும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு அந்த மேசையில் ஒரு நூல் என்று பெயர். மேலே ஒரு நூல் விலகினால் கீழே நூறு சட்டைக்குத் தோள் விலகும். கத்திக்குத் துணியும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். அதனால் இடது கையில் இரும்பு வலைக் கையுறை. முப்பது வருஷத்தில் அவர் போட்ட கோட்டை ஒருத்தர் அழித்துப் போட்டதில்லை. தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயரே ஸ்கேல். 'ஸ்கேலைக் கூப்பிடு' என்று மேலாளர் சத்தம் போட்டால் புதிதாகச் சேர்ந்தவன் மரக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

அந்த ஸ்கேலுக்குத்தான் கோடு வளைகிறது.

அன்றைக்கே மகள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் அவள் ஒருத்திதான். மருந்தியல் படித்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அதனால் எந்த அலுவலகத்திலும், எந்த ஜன்னலிலும், எந்த மேசைக்கு முன்னாலும் வீட்டுக்கு அவள்தான் வாய். பெயர் என்ன என்று கேட்டால்கூட அம்மா மகளைத் திரும்பிப் பார்ப்பாள். படிக்காதவர்களை இந்த ஜன்னல்காரர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்று சின்ன வயதிலேயே பார்த்தவள் அவள். 'என்னய்யா, காது கேக்கலையா?' என்று அப்பாவை ஒருத்தன் கேட்ட நாளிலிருந்து, அப்பாவிடம் கேள்வி போய்ச் சேரும் முன்னால் பாதி வழியிலேயே பிடித்துப் பதில் சொல்லிவிடுவாள்.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் மகள்.

"பிரஷர்?"

"லேசா இருக்கு சார். மாத்திரை போடறாரு."

"சிகரெட்?"

"இல்ல சார்."

அப்பா தொண்டையைச் செருமினார். டாக்டர் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"விழித்திரையோட நடுப்பகுதி தேயுது. தேஞ்சது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். வைட்டமின் சி, ஈ, ஜிங்க், லூட்டின் எல்லாம் சேர்ந்த ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை எழுதறேன். அதிசயமெல்லாம் நடக்காது. தேய்மானத்தைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான்." பிறகு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். "தினம் காலையில ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு நடுப் புள்ளியைப் பாருங்க. கோடு புதுசா வளைஞ்சா அன்னிக்கே வந்துடுங்க."

"இதே மாதிரி வேற கம்பெனி மாத்திரை வாங்கலாமா சார்? நான் மெடிக்கல்லதான் இருக்கேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமே" என்றார் டாக்டர்.

உங்களுக்கே தெரியுமே. அந்தச் சொல்லை அவள் வீடுவரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

மாத்திரை வந்தது. விரல் கணு அளவுக்கு இருந்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் புரட்டினார். "மனுஷனுக்கா, மாட்டுக்கா?" என்றார். மூன்று நாள் விழுங்கினார். மூன்று நாளும் அது நெஞ்சுக்குழியில் குறுக்கே படுத்துக்கொண்டது. நாலாம் நாள் கண்ணில் தண்ணீர் வர ஓங்கரித்தபோது அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, "கண்ணைக் காப்பாத்தறேன்னு உசுரை எடுத்துடாதடி" என்றாள், டாக்டரை விட்டுவிட்டு மகளைப் பார்த்து.

மறுநாள் கடையில் வைட்டமின் அடுக்குக்கு முன்னால் மகள் நின்றாள். நாலு தட்டு நிறைய டப்பாக்கள். மாத்திரை, கேப்ஸ்யூல், சப்பித் தின்கிறது, தண்ணீரில் போட்டால் பொங்குகிறது, பவுடர், சொட்டு மருந்து. வருகிறவர்களில் பாதிப் பேர் நிறம் பார்த்து வாங்குவார்கள். மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொல்லி, 'அவங்க சாப்பிடறது' என்பார்கள்.

"என்ன தேடறே?" என்றார் கடை முதலாளி.

"அப்பாவுக்கு சார். மாத்திரை இறங்க மாட்டேங்குது. வழுவழுன்னு ஏதாவது இருக்கா?"

அவர் எட்டி ஒரு குப்பியை எடுத்தார். சிவப்புக் கேப்ஸ்யூல்கள், மாதுளை முத்துப் போல, கண்ணாடிக்குள் பளபளத்தன. "இது குடு. தானா வழுக்கிக்கிட்டுப் போவும்."

"இதுல லூட்டின் இல்லையே சார். பீட்டா கரோட்டின்னு இருக்கு."

"கேரட்டுல இருக்கிற சத்தும்மா அது. கண்ணுக்குக் கேரட் ஆகாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா? லூட்டின் பூவுல எடுக்கிறது, இது கிழங்கு கணக்கு. வழிதான் வேற, போற ஊரு ஒண்ணு."

அவள் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். சி சரி, ஈ சரி, ஜிங்க் சரி. சிவப்பில் ஒன்றிரண்டு அயிட்டம் கூடவே இருந்தது. அப்பாவின் தொண்டைதான் அவள் கண் முன்னால் நின்றது. பெரிய எழுத்தை முழுக்கப் படித்தாள். பெரிய எழுத்துக்குக் கீழே கடுகைக் கொட்டினாற்போல் இருந்த எழுத்தை அவள் படிக்கவில்லை. படித்தவர்கள் செய்கிற தப்பு இது. படிக்காதவராக இருந்தால் யாரையாவது கூப்பிட்டு, 'இதுல என்ன போட்டிருக்கு?' என்று கேட்டிருப்பார்.

நாலு மாதம் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டே போனது. மழை வருகிற மாதிரி இருட்டும், வராது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அப்பாவின் புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சுத் தூசு வியர்வையோடு ஒட்டியிருக்கும். தினம் காலையில் கட்டத் தாளுக்கு முன்னால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பார். அதற்கு நேர் மேலே, மகள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய சுவர்க் கடிகாரம்.

"எப்படிப்பா இருக்கு?"

"எல்லாம் நேராத்தான் இருக்கு, டாக்டரம்மா."

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு சிவப்பு. குப்பியைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார். "வெண்ணெய் மாதிரி போவுது" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு வறட்டு இருமல் வந்து உட்கார்ந்தது. பஞ்சு என்றார். எல்லோரும் பஞ்சு என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருத்தர் கடைக்கு வந்தார். அவருக்கும் கண்தான். அவள் அதே சிவப்புக் குப்பியை எடுத்து வைத்து, "எங்கப்பாவுக்கே இதைத்தான் கொடுக்கிறேன் ஐயா" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்துக் குப்பியை மெல்ல உருட்டி உருட்டிப் படித்தார். பஸ்ஸின் அடியில் படுத்துப் பார்க்கிற மாதிரி அவ்வளவு நிதானம்.

"ஏம்மா, இங்க என்னமோ சிகரெட்டுன்னு போட்டிருக்கானே?"

"எங்க?"

"அடியில. நான் பிடிப்பேன். ஒளிச்சு என்ன ஆவப்போவுது?"

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். *புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் இதை உட்கொள்ள வேண்டாம். பீட்டா கரோட்டின் அதிக அளவில் எடுத்துக்கொள்ளும்போது இவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடலாம்.*

கண் மங்கியவர்கள் வாங்குகிற மருந்தில், கண் நன்றாக இருக்கிறவனுக்கே தெரியாத எழுத்தில் இதைப் போட்டிருந்தான்! அச்சடித்தவனை அவள் மனதுக்குள் கிழித்துத் தொங்கவிட்டாள்.

"உங்களுக்கு இது வேணாம் ஐயா. லூட்டின் போட்டது தர்றேன்."

"அப்ப உங்கப்பாவுக்கு?"

"அவர் பிடிக்க மாட்டாரு" என்றாள். சொன்ன வாய் மூடும் முன்னால் அந்த இரண்டு சொல் வந்து இடித்தது. முன்பு புகைத்தவர்கள்.

அப்பா முன்பு புகைத்தவர்தான். அவளுக்குப் பத்து வயது வரைக்கும் ஊதித் தள்ளினார். அவளுக்கு இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்த வருஷம், இனிமேல் பிடிக்க மாட்டேன் என்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அத்தோடு சரி. அது முடிந்த கதை என்றுதான் டாக்டரிடம் 'இல்ல சார்' என்றாள். முடிந்த கதையையும் கேட்கிறார்கள் என்று மருந்தியல் படித்த மண்டைக்கு ஏன் தோன்றவில்லை?

மத்தியான இடைவேளையில் இரண்டு தெரு தாண்டித் தொழிற்சாலைக்கு நடந்தாள். குப்பியை இன்றைக்கே, இன்றைய மாத்திரையை அவர் போடும் முன்னாலேயே, பிடுங்கிவிட வேண்டும். கட்டிங் அறை வாசலுக்கு அப்பாவின் கூட்டாளி வந்தார். மேசையில் துணி விரிக்கிறவர். ஆள் அவ்வளவு ஒல்லி. தகடு என்று பெயர்.

"வாம்மா, வா. என்ன இந்த வேகாத வெயில்ல?"

"அப்பா எங்க மாமா?"

"மாஸ்டரா? கை கழுவப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"கழுவிட்டு வருவாரு."

"எவ்வளவு நேரமாக் கழுவறாரு?"

தகடு மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார். "சுத்தமான மனுஷன்மா உங்கப்பா."

"சரி, அவர் பையை எடுங்க. மாத்திரைக் குப்பியை மாத்தணும்."

அவர் பையைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு டப்பா, துண்டு, சிவப்புக் குப்பி. அடியில் சாக் வைக்கிற தகர டப்பா. அவள் குப்பியை எடுக்கும்போது தகர டப்பா உருண்டு வந்தது. தகடு கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பாய்ந்தார். "அதைத் திறக்காதம்மா, சாக் பொடி பறக்கும். உனக்கு இழுப்பு வேற."

இழுப்பு நின்று பன்னிரண்டு வருஷம். அவள் திறந்தாள்.

ஒரு பக்கம் வெள்ளைச் சாக் கட்டிகள். இன்னொரு பக்கம் சிகரெட்டுகள். ஒவ்வொன்றும் பாதியாக வெட்டப்பட்டிருந்தது, துணி வெட்டுகிற கத்தியால்.

பின்பக்கத்துப் படியிலிருந்து இருமல் சத்தம் வந்தது. அவளுக்குத் தெரிந்த இருமல்தான்.

"எத்தனை நாளா மாமா?"

"நாளா?" தகடு தலையைச் சொறிந்தார். "நிறுத்தினாதானேம்மா நாள் சொல்ல முடியும். முழுசாப் பிடிச்சா முழுக் குத்தமாம், பாதி பிடிச்சா பாதிக் குத்தமாம். மாஸ்டர் போட்ட கணக்கு அது."

அவள் இரண்டு துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்று டப்பா மூலையில் செருகிக் கிடந்த பழையது, காகிதம் மஞ்சளடித்திருந்தது. அதன் வெட்டு கண்ணாடி மாதிரி நேராக இருந்தது. இன்னொன்று புதிது. அதன் முனை பேனா சீவினாற்போல் சாய்ந்திருந்தது.

"இதை வெட்டினது யாரு?"

"அவர்தான். கத்தியை வேற யாரைத் தொட விடுவாரு?" தகடு குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட சொல்லக் கூடாது. மனசு கேக்கலை. கோடு நேரா இருக்கான்னு தினமும் என்னைக் கேக்கறாரு. இருக்கு மாஸ்டர்ங்கறேன். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அழிச்சு நேராப் போட்டு வைக்கிறேன். என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? முப்பது வருஷம் அவர் போட்ட கோட்டுல சோறு தின்னவன். உங்க கோடு கோணல் மாஸ்டர்னு எந்த வாயால சொல்றது?"

"கத்தி கையை வெட்டினா?"

"கையுறை இருக்கில்ல" என்றார் தகடு. அவருக்கே அது பதிலாகப் படவில்லை.

துண்டுகளை இருந்த இடத்தில் வைத்து டப்பாவை மூடினாள். "நாம பேசினதைச் சொல்லாதீங்க. மாத்திரையை மாத்தணும்னு நான் குப்பியை எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

"திறந்ததை?"

"அதையும்தான்."

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அம்மா நிமிரவில்லை. எது என்றும் கேட்கவில்லை. ஒரு தண்டைக் கிள்ளினாள். "தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"அன்னிலேருந்தே. வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டேன்னுதான் அவரு சொன்னாரு. நீதான் மொத்தமா விட்டுட்டாருன்னு எடுத்துக்கிட்டே. எடுத்துக்கிட்டதோட விட்டியா? பள்ளிக்கூடத்துல மேடை ஏறி, 'எனக்காக எங்கப்பா சிகரெட்டையே விட்டார்'னு மைக்குல பேசினே. எல்லாரும் கை தட்டினாங்க. அவரு முன் வரிசையில உக்காந்திருந்தாரு. எழுந்து நின்னு, இல்லைன்னு சொல்வாரா?"

மகள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பேச்சுக்குக் கொடுத்த கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்தான். நீ இழுத்து இழுத்து மூச்சு விட்ட புள்ளை. அப்புறம் கொஞ்ச நாள்ல இழுப்பு நின்னுச்சு. அப்பா விட்டதாலதான் நின்னுச்சுன்னு நம்பினே. நம்பிக்கையில கை வைக்க வேணாம்னு விட்டுட்டோம். என்ன இப்ப? எதுக்கு இந்தப் பாய்ச்சல்?"

மகள் சிவப்புக் குப்பியைத் தரையில் வைத்தாள். அந்தக் கடுகெழுத்தை வாசித்துச் சொன்னாள். புற்றுநோய் என்ற சொல் வந்ததும் அம்மாவின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"இதையா நாலு மாசமா..."

"ஆமா. நான்தான் கொடுத்தேன்."

"அந்த இருமல்..."

"தெரியாது. பஞ்சா இருக்கலாம். சிகரெட்டா இருக்கலாம். தெரியாதும்மா."

அம்மா எழுந்து குப்பியை எடுத்தாள். குப்பைக் கூடைக்குள் போட்டாள். போட்டது போதாதென்று கீரைத் தண்டுகளை அள்ளி அதன்மேல் கொட்டினாள். "முடிஞ்சுது. பழைய மாத்திரையே வாங்கியா. ரெண்டா உடைச்சுத் தா. அவரை ஒண்ணும் கேக்காத. மாத்திரையை மாத்து, பேச்சை விடு."

"மாத்திரையை மாத்தினா போதாதும்மா. அந்தச் சிகரெட்டே கண்ணைத் தின்னும். ஒரு பக்கம் மாத்திரை கொடுத்து இன்னொரு பக்கம் ஊதினா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதைதான். டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கணும்."

"அப்ப நீயே கேளு அவரை."

"கேட்டா?"

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "இல்லைம்பாரு. நீ எத்தனை தடவை கேட்டாலும் இல்லைம்பாரு."

சாயங்காலம் அப்பா வந்தார். ஏலக்காய் வாசனை வந்தது. வேலை விட்டு வரும்போது ஏலக்காய் மெல்கிறவர் அவர். சின்ன வயதிலிருந்து அதுதான் அப்பாவின் வாசனை என்று அவள் நினைத்திருந்தாள்.

"மாத்திரையை ஏன்மா எடுத்துட்டுப் போனே? நல்லாத்தானே இறங்கிச்சு."

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அப்பா முகத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. "கடையில ஸ்டாக் இல்லப்பா" என்றாள். "பழையதையே ரெண்டாத் தர்றேன். உடைச்சுப் போடலாமான்னு கம்பெனியில கேட்டுட்டேன். சனிக்கிழமை டாக்டரைப் பாக்கணும்."

"எதுக்கு? எல்லாம் நேராத்தானே இருக்கு?"

"சும்மாதான்."

அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் யாருமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் கடையில் அவள் கை வேலை செய்தது, மனசு பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தது. அந்தச் சிவப்புக் குப்பியை வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று யோசித்து யோசித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். முதலாளி முறைத்தார். "வழி வேற, ஊரு ஒண்ணுன்னீங்களே சார். ஊரும் வேற" என்றாள். மீதிக் குப்பிகளைத் தட்டிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வைத்து, கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். அவர் அதைக் கிழிக்கவில்லை. வீட்டில் என்னவோ என்று அவருக்கும் பட்டிருக்கும்.

சனிக்கிழமை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பழையபடி எழுதத் தொடங்கினார்.

"இடது கண்ணுல கொஞ்சம் கூடியிருக்கே. மாத்திரை ஒழுங்காப் போடறாரா?"

"போட்டாரு சார். ஆனா நான் மாத்திக் கொடுத்துட்டேன். பீட்டா கரோட்டின் இருக்கிறதை, நாலு மாசம். முந்தாநேத்து நிறுத்திட்டேன்." தன் குற்றத்தை மட்டும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

டாக்டரின் பேனா நின்றது. "ஏன் மாத்தினீங்க? சரி... சிகரெட் இல்லைன்னுதானே சொன்னீங்க? முன்னாடியும் இல்லையே?"

கேள்வி மேசைக்கு மேல் வந்து நின்றது.

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எல்லா மேசைக்கு முன்னாலும் பார்க்கிற அதே பார்வை. சொல்லும்மா என்கிற பார்வை. அவள் நாக்கின் நுனியில் பதில் இருந்தது. ஒரு நொடியில் சொல்லி முடித்துவிடலாம். அவள் இரண்டு உதட்டையும் பல்லுக்குள் இழுத்துக் கடித்துக்கொண்டாள். மேசைமேல் இருந்த காகிதக் கல்லையே பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ பெயரையோ எண்ணையோ கூப்பிட்டார்கள். டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"என்ன, யாராவது சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்வையின் நடுவில் என்ன தெரிந்ததோ, ஓரத்தில் என்ன தெரிந்ததோ. நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பிடிக்கிறேன் சார்."

"எத்தனை?"

"எட்டு." பிறகு சேர்த்தார். "பாதிப் பாதியா எட்டு. முழுசாச் சொன்னா நாலு."

"எத்தனை வருஷமா?"

"விட்டதில்ல சார்."

டாக்டர் பழைய கட்டத்தில் இழுத்த கோட்டை அடித்துவிட்டுத் திருத்தினார். திட்டினார், அவர் வேலை அது. கண்ணுக்கு நீங்களே கொள்ளி வைக்கிறீங்க என்றார். நாலு மாத மாத்திரையால் மட்டும் ஏதாவது ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இருமலும் சிகரெட்டும் இருப்பதால் நெஞ்சைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். இனிமேல் லூட்டின் போட்ட மாத்திரை மட்டும், சிகரெட் பாதியும் கூடாது, காலும் கூடாது என்றார். அதையெல்லாம் அப்பாவைப் பார்த்தே சொன்னார். அப்பாவே தலையாட்டினார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. கையில் எண் எழுதிய சீட்டு. அவர்களுக்கு முன்னால் ஆறு பேர்.

"தகடு சொன்னானா?" என்றார் அப்பா.

"நானே டப்பாவைத் திறந்தேன்."

"ம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லப்பா? டாக்டர் உங்களைத்தானே கேட்டாரு?"

"நீ சொல்லிட்டியே. 'இல்ல சார்'னு அவ்வளவு தெம்பாச் சொன்னே. பின்னாடியே நான், இருக்கு சார்னா, படிச்ச புள்ளையை டாக்டர் முன்னால பொய்க்காரியாக்கின மாதிரி ஆயிடும்னு இருந்துட்டேன்."

"உயிரைவிட அது பெரிசா? மண்ணாங்கட்டி!" அவள் குரல் உயர்ந்ததில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நான் தப்பாச் சொன்னா என் தலையில ஒண்ணு போட்டுச் சரியாச் சொல்ல வேண்டியதுதானே? என்ன பெரிய படிப்பு? பாட்டில்ல போட்டிருக்கிறதைப் படிக்கத் தெரியலை எனக்கு."

அப்பா இருமினார். இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ தலை குனியறதை நான் பாத்ததில்லம்மா. மத்ததெல்லாம் மங்கிப்போனாலும் அது ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சிடுமோன்னு பயம்."

உள்ளே ஓர் ஆள் போனார், ஓர் ஆள் வந்தார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று உள்ளிருந்து ஒரு குரல் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். அவள் கையில் வைத்தார். எக்ஸ்ரேவுக்கு உலோகம் ஆகாது என்பதற்காகவா, மொத்தமாகக் கொடுத்துவிடுவதற்கா என்று அவள் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"திற" என்றார்.

திறந்தாள்.

"மேல இருக்கே, அது நேத்துக் காலையில வெட்டினது. எடுத்துப் பாரு. தகடுகிட்ட கேட்டா நேராத்தான் இருக்கும்பான். அவன் கோட்டை அழிச்சுப் போடறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கான், அழிச்ச இடத்துல கை வச்சா சாக் ஒட்டாதா? நீ பாத்துச் சொல்லு. வெட்டு நேரா இருக்கா?"

அவள் அந்தத் துண்டை எடுத்தாள். அவர் முகம் அவள் பக்கம் இருந்தது. கண் அவள் கன்னத்துக்குக் கொஞ்சம் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக இருக்கிறது என்ற சொல் தானாகவே வாய்க்கு வந்தது. முப்பது வருஷ மேசை, இரும்புக் கையுறை, ஸ்கேல் என்ற பெயர், எல்லாம் அந்தச் சின்ன வெட்டின் மேல் ஏறி நின்றன.

"கோணலா இருக்குப்பா" என்றாள்.

அப்பா, மேசையில் துணியைத் தொட்டுப் பார்த்துக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எவ்வளவு?"

"ஒரு நூல் இருக்கும்."

உள்ளேயிருந்து அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அவள் துண்டை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், இன்னொரு தடவை அளந்தாள்.

"இல்லப்பா" என்றாள். "ரெண்டு."